புகையிரதத்தில் ஊர் திரும்பிய பதினைந்து பைசன்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் தரம் 9, 10 படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம இளைஞர்கள் யூடியூப்பில் விரும்பிப் பார்க்கும் வீடியோக்களில் ஒரு வகை உண்டு. முதுகில் பெரிய பை, அதற்குள் கூடாரம், சின்ன அடுப்பு, தண்ணீர்ப் போத்தல். இரண்டு மூன்று நாள் காட்டுக்குள் நடந்து, இரவில் அங்கேயே தங்கித் திரும்புவார்கள். அப்படி ஆட்கள் நடக்கப் போகும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள விச்சிட்டா மலைகள் வனவிலங்குச் சரணாலயம். அங்கே நடக்கும்போது வேலி எதுவும் இல்லாமல், பாதையிலேயே பெரிய காட்டு மாடுகள் எதிரில் வரும். அந்த மாடுகள் அங்கே வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு பெயர் விளக்கம். அமெரிக்கர்கள் அந்த விலங்கைப் பேச்சில் 'பஃபலோ' என்பார்கள். அதைக் கேட்டதும் நமக்கு வயலிலும் குளத்திலும் நிற்கும் எருமைதான் நினைவுக்கு வரும். இரண்டும் வேறு. அவர்கள் சொல்வது பைசன். தோளில் பெரிய திமில், தாடையில் தாடி, முன்பாதி உடம்பு முழுக்க அடர்ந்த சடை, கட்டையான கொம்பு. நம்ம எருமைக்குச் சேறும் தண்ணீரும் வேண்டும். பைசன் புல்வெளி விலங்கு, புழுதியில் உருண்டு குளிக்கும். உறவுமுறை பார்த்தால் எருமையைவிட நம்ம பசு மாட்டுக்குத்தான் அது கிட்ட. வளர்ந்த ஆண் பைசன் 900 கிலோ வரை நிறை வரும். அந்த உடம்போடு மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்.

சரணாலயம் பெரிதல்ல. 59,020 ஏக்கர், அதாவது சுமார் 239 சதுர கிலோமீற்றர். நமது வில்பத்து அதைவிட ஐந்து மடங்குக்கும் பெரியது. ஆனால் இந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு பெரிய வரலாறு கிடக்கிறது.

*கோடிக்கணக்கிலிருந்து ஆயிரத்துக்கு*

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்கப் புல்வெளிகளில் பைசன்கள் கோடிக்கணக்கில் இருந்தன. மூன்று கோடி என்றும், ஆறு கோடி என்றும் மதிப்பிடுகிறார்கள். கொமாஞ்சி, கயோவா, அப்பாச்சி போன்ற புல்வெளி மக்களுக்கு வாழ்க்கையே அந்த மந்தைதான். இறைச்சி உணவு. தோல் கூடாரமும் போர்வையும். நரம்பு நூல். எலும்பு கருவி. காய்ந்த சாணம் மரமில்லாத வெளியில் விறகு.

1867 ஒக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் இம்மக்களோடு மெடிசின் லொட்ஜ் என்ற இடத்தில் ஒப்பந்தம் செய்தது. இன்றைய ஒக்லஹோமாவின் தென்மேற்கில் ஒரு நிலப்பகுதி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. விச்சிட்டா மலைகள் அதற்குள்தான் இருந்தன. ஒதுக்கிய எல்லைக்கு வெளியே, ஆர்கன்சா ஆற்றுக்குத் தெற்கிலும் அவர்கள் வேட்டையாடலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: வேட்டையாடுவதற்குப் போதுமான அளவு பைசன்கள் அங்கே திரியும் காலம் வரைக்கும்தான் அந்த உரிமை.

இந்த நிபந்தனையை இரண்டு முறை வாசிக்க வேண்டும். உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆனால் அதன் ஆயுள் ஒரு விலங்கின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. விலங்கு முடிந்தால் உரிமையும் முடியும்.

விலங்கு சீக்கிரமே முடிந்தது. 1870களின் தொடக்கத்தில் பைசன் தோலைத் தொழிற்சாலைக்கு ஏற்றவாறு பதனிடும் முறை வந்தது. இயந்திரங்களைச் சுழற்றும் பட்டிகளுக்குத் தோல் தேவைப்பட்டது. 1872இல் புகையிரதப் பாதை கன்சாசிலுள்ள டொட்ஜ் நகரை எட்டியதும் தோலை மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்ப வசதியாயிற்று. வேட்டைக்காரர்கள் தோலை உரித்து, சில நேரம் நாக்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்ச உடம்பை வெளியிலேயே அழுக விட்டார்கள். பின்னர் வெளி முழுதும் கிடந்த எலும்பைப் பொறுக்கிப் பசளைக்கும் சீனி சுத்திகரிப்புக்கும் விற்றார்கள்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் நடக்கவில்லை. அப்போதைய உள்துறைச் செயலாளர் கொலம்பஸ் டெலானோ, பைசன் முற்றாக மறைந்தாலும் தனக்குப் பெரிய கவலை இல்லை என்ற கருத்தைத் தன் 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதினார். அது மறைந்தால் பூர்வகுடிகள் விவசாயத்துக்குத் திரும்புவார்கள் என்பது அவர் கணக்கு. 1874இல் பைசனைப் பாதுகாக்கும் சட்டமூலம் ஒன்றைக் கொங்கிரஸ் நிறைவேற்றியது. ஜனாதிபதி கிரான்ட் கையொப்பமிடாமல் வைத்திருந்தே அதை இல்லாமலாக்கினார்.

அதே 1874 யூனில் கொமாஞ்சிகளும் அவர்களின் கூட்டாளிகளும் அடோபி வோல்ஸ் என்ற இடத்திலிருந்த தோல் வேட்டைக்காரர்களின் முகாமைத் தாக்கினார்கள். அந்தத் தாக்குதலில் முன் நின்றவர்களில் ஒருவர் குவானா பார்க்கர் என்ற இளம் கொமாஞ்சித் தலைவர். தாக்குதல் தோற்றது. பின்னர் இராணுவம் அவர்களைத் துரத்தியது. செப்டெம்பரில் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இராணுவம் சுட்டுக் கொன்றது. குதிரை இல்லாமல் புல்வெளியில் வாழ முடியாது. 1875 யூனில் குவானா தன் மக்களோடு ஃபோர்ட் சில் இராணுவ முகாமில் சரணடைந்தார்.

தெற்கு மந்தை 1870களின் முடிவுக்குள்ளும், வடக்கு மந்தை 1883 அளவிலும் அழிந்தன. 1889இல் வில்லியம் ஹோர்னடே என்பவர் கணக்கெடுத்தபோது மிருகக்காட்சிசாலைகளில் இருந்தவற்றையும் சேர்த்து ஆயிரம் அளவில்தான் மிஞ்சியிருந்தன.

கயோவா மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. மிஞ்சிய கடைசி மந்தை ஒரு விடியற்காலையில் விச்சிட்டா மலைகளின் ஸ்கொட் மலையை நோக்கி நடந்ததாம். மலை திறந்ததாம். உள்ளே உலகம் பழையபடி பச்சையாக இருந்ததாம். மந்தை உள்ளே போனதும் மலை மூடிக்கொண்டதாம். அந்த மலையின் உச்சிக்கு இன்று தார் ரோட்டு இருக்கிறது. வாகனத்திலேயே ஏறலாம். உயரம் 2,464 அடி.

*நிலம் போன விதம்*

பைசன் போன பிறகு அந்த மக்களிடம் மிஞ்சியது ஒதுக்கப்பட்ட நிலம் மட்டும்தான். 1892இல் ஜெரோம் ஆணைக்குழு வந்தது. ஆளுக்கு 160 ஏக்கர் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை அரசாங்கத்துக்கு விற்றுவிடுங்கள் என்றது. 1867ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நிலத்தை விட்டுக்கொடுக்க வளர்ந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட வேண்டும். அந்த எண்ணிக்கை சேரவில்லை என்றும், மொழிபெயர்ப்பில் ஏமாற்றினார்கள் என்றும் மக்கள் முறைப்பட்டார்கள். அப்படியிருந்தும் 1900இல் கொங்கிரஸ் அதை ஏற்றுச் சட்டமாக்கியது.

1901 கோடையில் அந்த நிலம் சீட்டுக் குலுக்கிப் பகிரப்பட்டது. சுமார் 13,000 துண்டு நிலங்களுக்காக ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான வெளியாட்கள் பெயர் பதிந்தார்கள். மலைப்பகுதி விவசாயத்துக்கு உதவாத கருங்கல். அதனால் ஜனாதிபதி மெக்கின்லி அதை மட்டும் பிரித்து, அதே 1901இல் காட்டு ஒதுக்கமாக அறிவித்தார். இன்றைய சரணாலயத்தின் தொடக்கம் அதுதான். ஒரு சமூகத்தின் நிலத்தைப் பங்கு போட்டபோது யாரும் கேட்காமல் மிஞ்சிய துண்டு அது.

கயோவாத் தலைவர் லோன் வூல்ஃப் நீதிமன்றம் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1903 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தத்தைக் கொங்கிரஸ் தன் விருப்பப்படி மீறலாம், அதற்கு அந்த அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. கையொப்பம் சரியா பிழையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. கொமாஞ்சி, கயோவா, அப்பாச்சி மக்களுக்குப் பொதுவாக மேய்ச்சலுக்கென்று 4,80,000 ஏக்கரை விட்டு வைத்திருந்தார்கள். அதன் பெயரே 'பெரிய மேய்ச்சல் தரை'. 1905 ஏப்ரலில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அங்கே ஓநாய் வேட்டைக்கு வந்தார். குவானா பார்க்கரும் அவரைச் சந்தித்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பு ஊர்வலத்தில் குவானா குதிரையில் போயிருந்தார். ஆனால் அந்த உறவு தரையைக் காப்பாற்றவில்லை. 1906இல் கொங்கிரஸ் சட்டம் போட்டு, அந்த மேய்ச்சல் தரையையும் ஏலத்தில் விற்றது. 1900க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 160 ஏக்கர் கிடைத்தது ஒன்றுதான் ஆறுதல்.

*மாடுகள் வந்த நாள்*

இப்போது ஹோர்னடேயிடம் வருவோம். விலங்குகளைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைப்பது அவர் தொழில். 1886இல் அதற்கென்று மொன்டானாவுக்குப் பைசன் தேடிப் போனார். இவ்வளவு குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன என்று அங்கேதான் கண்ணால் கண்டார். பின்னர் நியூயோர்க்கின் புரொங்ஸ் மிருகக்காட்சிசாலையின் பணிப்பாளராகி, அங்கே ஒரு சிறு மந்தையை வளர்த்தார். 1905இல் அமெரிக்கப் பைசன் சங்கம் உருவானது. ஹோர்னடே தலைவர், ரூஸ்வெல்ட் கௌரவத் தலைவர். அதே ஆண்டில் ரூஸ்வெல்ட் விச்சிட்டா காட்டு ஒதுக்கத்தை விலங்குகளுக்கான காப்பிடமாகவும் அறிவித்தார். மாடுகளை நாங்கள் இலவசமாகத் தருகிறோம், வேலியை அரசாங்கம் போடட்டும் என்றது மிருகக்காட்சிசாலையை நடத்திய சங்கம். கொங்கிரஸ் 15,000 டொலர் ஒதுக்கியது. சுமார் 8,000 ஏக்கருக்கு வேலி போடப்பட்டது.

1907 ஒக்டோபர் 11ஆம் திகதி ஆறு ஆண், ஒன்பது பெண், மொத்தம் 15 பைசன்கள் தனித்தனி மரப்பெட்டிகளில் புகையிரதத்தில் ஏற்றப்பட்டன. ஏழு நாள் பயணம். 18ஆம் திகதி ஒக்லஹோமாவின் கேஷ் என்ற சின்ன ஊர் நிலையத்தில் இறங்கின. அங்கிருந்து குதிரை வண்டிகளில் மலைக்கு. உண்ணிகளால் பரவும் காய்ச்சல் தொற்றிவிடும் என்று உடம்பு முழுக்கக் கச்சா எண்ணெய் தெளித்தார்கள்.

நிலையத்துக்குப் பார்க்க வந்த கூட்டத்தில் கொமாஞ்சிகள் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். குவானா பார்க்கரும் வந்திருந்தார். 33 ஆண்டுகளுக்கு முன் தோல் வேட்டைக்காரர்களோடு போரிட்ட அதே ஆள். பெரியவர்கள் பழைய மந்தைகளைக் கண்டவர்கள். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1901இல் நிலம் போகிறது. 1903இல் வழக்கு தோற்கிறது. 1906இல் மேய்ச்சல் தரை போகிறது. 1907 ஒக்டோபரில் மாடுகள் திரும்பி வருகின்றன. அடுத்த மாதம், நவம்பர் 16இல், ஒக்லஹோமா மாநிலமாகிறது. மந்தை வீடு வந்தபோது அந்த வீடு வேறு ஆட்களின் பெயரில் இருந்தது.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பைசன்களை அனுப்புவதற்கு ஓராண்டு முன், 1906 செப்டெம்பரில், ஹோர்னடே பொறுப்பாக இருந்த அதே மிருகக்காட்சிசாலையில் ஒட்டா பெங்கா என்ற கொங்கோ நாட்டு இளைஞரைக் குரங்குகள் இருந்த கூண்டில் காட்சிக்கு வைத்தார்கள். கறுப்பினப் போதகர்கள் எதிர்த்துப் போராடித்தான் அது நின்றது. ஒட்டா பெங்கா 1916இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்த நிறுவனம் 2020இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

ஒரு விலங்கினத்தைக் காப்பாற்றியவரும் ஒரு மனிதரைக் கூண்டில் வைத்தவரும் ஒரே ஆள். வரலாறு படிப்பிக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: "சேர், அவர் நல்லவரா கெட்டவரா?" இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் நாம் கொடுக்கக்கூடிய நேர்மையான விடை. ஒன்றை அழித்து மற்றதை வைத்தால் அது வரலாறாக இருக்காது.

*இன்று அங்கே நடப்பவர்கள்*

அந்த 15இலிருந்து பெருகிய மந்தை இன்று சுமார் 650. புல் தாங்கும் அளவுக்கு மேல் கூடும் மாடுகளை அப்புறப்படுத்திவிடுவார்கள். 1927இல் நீளக் கொம்பு மாட்டினத்தையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதுவும் அப்போது அழியும் நிலையில் இருந்தது. எல்க் மான்களும் தரை நாய் எனப்படும் சிறு வளை விலங்குகளும் உண்டு. 1930களின் நடுவில் இடம் காட்டு இலாகாவிடமிருந்து வனவிலங்கு இலாகாவிடம் போனது. 1970இல் அதற்குள் 8,570 ஏக்கர் மனிதக் கை படாத காடாகச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டது.

அதில் ஆட்கள் முதுகுப் பையோடு போய் இரவு தங்குவது 'கேரன் தோட்டம்' என்ற 5,723 ஏக்கர் பகுதியில். கேரன் என்பது இறந்தவர்களை ஓடத்தில் ஏற்றிச் செல்பவராகக் கிரேக்கக் கதைகளில் வருபவர். வீடளவு பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடம். அந்தக் கருங்கல் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் தங்குபவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நெருப்பு மூட்ட முடியாது, சின்ன அடுப்பு மட்டும்தான். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கோடையில் ஓடைகள் வற்றிவிடும் என்பதால் தண்ணீரைச் சுமந்தே போக வேண்டும். சரணாலயத்தில் பொதுமக்கள் போகக்கூடியது சுமார் 22,400 ஏக்கர்தான். மிச்சம் விலங்குகளுக்கு.

நடப்பவர்களுக்கான முதல் பாடம் பைசன்தான். பாதையில் படுத்திருந்தால் அதை எழுப்பக் கூடாது. நாம்தான் தூரமாகச் சுற்றிப் போக வேண்டும். வால் மேலே தூக்கினால் அது எரிச்சலில் இருக்கிறது என்று பொருள். இதே பைசன்கள் திரியும் யெலோஸ்டோன் பூங்காவில் கரடியைவிடப் பைசன்தான் அதிகமான ஆட்களைக் காயப்படுத்தியிருக்கிறது. காரணம் ஒன்றுதான்: சாதுவாக நிற்கிறதே என்று படம் எடுக்கக் கிட்டப் போவது. மாடு வளர்த்த நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வருகிறார்கள். 2016இல் பைசன் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியாகவும் அறிவிக்கப்பட்டது. கொமாஞ்சி, கயோவா மக்கள் இன்றும் அந்த மலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்கிறார்கள். அமெரிக்காவின் பல பூர்வகுடிச் சமூகங்கள் தங்கள் நிலங்களில் மீண்டும் பைசன் மந்தைகளை வளர்க்கத் தொடங்கியிருக்கின்றன.

*நாம் எடுக்க வேண்டியது*

இந்த வரலாற்றை வைத்து 'காடு பாதுகாப்பு என்பதே ஏமாற்று' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலி போட்டிராவிட்டால், சட்டம் வந்திராவிட்டால், இன்று பைசனைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்போம். அந்த 15 மாடுகளை அனுப்பியது நல்ல வேலை. அதில் சந்தேகமில்லை.

'விலங்கு பிழைத்ததே, அது போதும்' என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் புல்வெளியில் மனிதரும் மந்தையும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தார்கள். மந்தையை அழித்தது தோல் வியாபாரமும் அதைக் கண்டும் தடுக்காத அரசும். தண்டனை விழுந்தது அங்கே வாழ்ந்தவர்கள் மேல். காப்பாற்றும் காலம் வந்தபோது மாடுகளைப் பற்றிப் பேசச் சங்கம் இருந்தது, பணம் இருந்தது, ஜனாதிபதி இருந்தார். அந்த மக்களைப் பற்றிப் பேச லோன் வூல்ஃபின் ஒரு வழக்கு மட்டும் இருந்தது. அதுவும் தோற்றது.

காடா மனிதரா என்று இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் பேச்சு நம்ம நாட்டிலும் அடிக்கடி எழுகிறது. அப்படிப் பேச்சு வரும்போது ஆத்திரப்படுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். இந்தக் காட்டை, இந்த விலங்கை உண்மையில் குறைத்தது யார்? எல்லைக்கோடு போட்ட நாளில் அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டார்களா? கேட்டதற்கு எழுத்தில் என்ன சாட்சி?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஜெரோம் ஒப்பந்தத்தில் கையொப்பம் போதாது என்று அவர்களால் வாதாட முடிந்ததே ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததால்தான். வழக்கு தோற்றாலும், 120 ஆண்டுக்குப் பிறகு நாம் இதைப் படிக்க முடிவதும் அந்த எழுத்தால்தான்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் உட்காருங்கள். முன்பு நம்ம ஊர் மாடுகள் மேய்ந்த தரைகளின் பெயர் என்ன, எந்தக் குளத்திலிருந்து எந்த மரம் வரை எல்லை, யாருடைய பட்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். சொன்னவர் பெயர், வயது, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய பேர்மிட், உறுதி, வரைபடம் இருந்தால் போன் கமராவில் தெளிவாகப் படம் எடுத்துச் சேமியுங்கள். சொல்லக்கூடிய ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்கியதும் கொப்பியைக் கொண்டுவாருங்கள், ஒன்றாக இருந்து வாசிப்போம்.